ஒத்தையாய் வந்தவள்

செம்பிலிருந்து சரிந்த தண்ணீர் இன்னும் அம்மாவின் தலையைத் தொடவில்லை, அது காற்றில் ஒரு கண்ணாடித் துண்டைப்போல நிற்கிறது, குளியலறையின் சின்ன ஜன்னல் வழியாக வரும் வெயில் அதற்குள் புகுந்து வளைந்து எதிர்ச்சுவரில் நடுங்குகிறது, அம்மா பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து அண்ணாந்து என்னைப் பார்க்கிறாள், அந்தக் கண்ணில் நான் இல்லை, வேறு யாரோ ஒருத்தி இருக்கிறாள், அவளை அம்மாவுக்கு நன்றாகத் தெரியும், எனக்குத்தான் தெரியாது, தண்ணீர் விழுவதற்கு முன்பே அம்மாவின் கை எழுந்துவிடும் என்பது மட்டும் எனக்குத் தெரியும், எழுந்துவிட்டது, முதலில் செம்பு பறந்து கதவில் மோதி நசுங்குகிற சத்தம், பிறகு என் காது, பிறகு என் கழுத்தில் அவளுடைய நகம், ஒத்தையாவா வந்திருக்க, மத்தவளுகள எங்க, போயி எல்லாரையும் கூட்டிட்டு வாடி, என்று கத்துகிறாள், மின்சார அலுவலகத்தின் பில் கவுண்டரில் இத்தனை வருஷம் உட்கார்ந்து யாரிடமும் குரலை உயர்த்தாத என் அம்மா ஆவுடையம்மாள், நான் எட்டிக் குழாயைத் திறந்துவிடுகிறேன், வாளியில் தண்ணீர் விழும் இரைச்சலில் அவளுடைய குரல் கரைந்து போகட்டும் என்று, அடி வலிக்கிறதா என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, கீழ்வீட்டில் கேட்டிருக்குமா என்றுதான் முதலில் தோன்றுகிறது, எப்போதும் அதுதான் முதலில் தோன்றுகிறது.

கீழ்வீட்டில் புஷ்பக்கா இருக்கிறாள், துணி காயப்போட மாடிக்கு வரும்போதெல்லாம் எங்கள் வாசலில் ஒரு நிமிஷம் நிற்பாள், என்ன பாப்பா காலைல ஒரே சத்தம் என்பாள், டிவிக்கா என்பேன், டிவில அப்படி என்ன ஒப்பாரி, சீரியல்க்கா, எந்தச் சீரியல்னு சொல்லு நானும் பாக்கேன், நம்ம வீட்டு டிவில வார பொம்பளைங்க எல்லாம் சிரிச்சிக்கிட்டேல்லா குடும்பத்தக் கெடுக்காளுக, என்று சொல்லிவிட்டு என் முழுக்கை சுடிதாரைப் பார்ப்பாள், கோவில்பட்டியின் சித்திரை வெயிலில் மணிக்கட்டு வரை மூடிக்கொண்டு நிற்கும் என்னை, அந்தத் துணிக்குக் கீழே மஞ்சளும் நீலமுமாகப் பழுத்துக் கிடப்பதை அவள் பார்த்ததில்லை, பார்த்திருக்கலாம், அவள் உள்ளே எட்டிப்பார்த்து மேடம் சாப்ட்டீங்களா என்று கேட்டால் அம்மா தலையைச் சாய்த்துச் சிரிப்பாள், ஒக்காருங்க, ரசீது எடுத்துட்டு வந்தீங்களா என்பாள், புஷ்பக்கா கொண்டுவரும் இட்லியைக் குழந்தைபோல வாங்கிச் சாப்பிடுவாள், அப்போது புஷ்பக்கா என்னைத் திரும்பிப் பார்ப்பாள், நம்மகிட்ட தங்கமாத்தான் இருக்காங்க, நீ என்னட்டி பண்ணுத, என்று கேட்பாள், அதில் ஒரு குற்றமும் இல்லை, சும்மா கேட்பதுதான், ஆனால் அந்தக் கேள்வி கதவைச் சாத்திய பிறகும் வீட்டுக்குள்ளேயே நடமாடும், அம்மா என்னை மட்டும்தான் அடிக்கிறாள், உலகத்தில் வேறு யாரையும் அவள் அடிப்பதில்லை, இதை எப்படி ஒருவரிடம் சொல்வது, சொன்னால் கேட்பவர் முகத்தில் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும், நானாக இருந்தாலும் அதைத்தான் நினைப்பேன்.

நான் சென்னையில் இருக்கும் ஒரு பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புப் பார்க்கிறேன், பெரும்பாலும் மொழிபெயர்ப்பு நாவல்கள், நான் போயிராத ஊர்களின் ரயில் நிலையங்கள், என் நாக்கு அறியாத ரொட்டிகள், அவற்றில் வயதானவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக மறப்பார்கள், மறதி பனியைப்போலச் சத்தமில்லாமல் விழுந்து தோட்டத்தையும் பாதையையும் மூடும், அருகில் யாராவது ஒரு மகள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அந்தப் பக்கங்களில் எழுத்துப்பிழை திருத்தும்போது எனக்கும் ஒருநாள் அப்படி வந்தால் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்திருக்கிறேன், கோவில்பட்டியில் பனி விழாது, எங்கள் வீட்டில் மறதி ஒருநாள் தோசைக்கரண்டியை எடுத்து என் முழங்கையில் அடித்தது, அதற்கும் முன்னால் அது அம்மாவின் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது, அம்மா கையைக் கையைத் திருப்பிப் பார்த்தாள், பீரோவைத் திறந்தாள், அரிசிப் பானைக்குள் கையை விட்டாள், தலையணை உறையை உதறினாள், என்னம்மா தேடுத என்றால், எல்லாத்தையும் எங்க கொண்டுபோய் வச்ச, வெறுங்கையோட இருந்தா அவரு என்ன நினைப்பாரு, என்றாள், நினைப்பதற்கு அப்பா இல்லை, எனக்குப் பத்து வயதாக இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார், அவருடைய வேலைக்குப் பதிலாகத்தான் அம்மாவுக்கு அந்தக் கவுண்டர் நாற்காலி கிடைத்தது, அன்றிலிருந்து அவளுடைய இடது கையில் ஒரு கைக்கடிகாரம், வலது கையில் ஒன்றும் இல்லை, அந்த ஒன்றுமில்லாத கையைத்தான் அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் தேரடிக்குப் போய் வளையல் வாங்கிவந்தேன், பச்சையும் சிவப்பும் கலந்த கண்ணாடி வளையல், யாருக்கு என்று கடைக்காரர் கேட்டபோது எனக்குத்தான் என்றேன், அம்மாவுக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் என் கையளவுக்கே எடுத்துக் கொடுத்தார், அம்மாவின் கைக்குக் கொஞ்சம் இறுக்கம், ஆனாலும் விரல்களைக் குவித்து மெல்ல மெல்ல ஏற்றிவிட்டேன், கடைசி வளையல் மணிக்கட்டில் இறங்கியதும் அம்மா கையைக் காதருகே கொண்டுபோய்க் குலுக்கினாள், ஒருமுறை, இன்னொருமுறை, அந்தச் சாயங்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் அந்தச் சத்தம், சமையலறையிலிருந்து கூடத்துக்கும் கூடத்திலிருந்து வாசலுக்கும், அவரு வார நேரமாச்சு காப்பிக்கு பால வை என்றாள், நான் பாலை வைத்தேன், அவர் வரவில்லை, காப்பியை நானே குடித்தேன், அவ்வளவு நல்ல காப்பி அதற்குப் பிறகு குடித்ததில்லை, அந்த ஒரு சாயங்காலத்துடன் கதை முடிந்திருந்தால் நான் அந்த நாவல்களில் வரும் மகளாகவே இருந்திருப்பேன்.

மறுநாள் புஷ்பக்கா இட்லி கொண்டுவந்தாள், அம்மா கையை நீட்டி வாங்கினாள், வளையல் குலுங்கியது, புஷ்பக்காவின் பார்வை அம்மாவின் கையிலிருந்து சுவரில் மாலை போட்ட அப்பாவின் படத்துக்குப் போய், அங்கிருந்து என்னிடம் வந்து, தரையில் இறங்கியது, அவ்வளவுதான், அந்தப் பார்வை போதுமானதாக இருந்தது, அன்றிலிருந்து படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டாலே நான் அம்மாவின் கையை முந்தானையால் மூடத் தொடங்கினேன், பிறகு அத்தை வந்தாள், அப்பாவின் தங்கை செண்பகவடிவு, சங்கரன்கோவிலிலிருந்து பஸ் பிடித்து, ஒரு மஞ்சப்பை நிறையச் சீடையும் முறுக்கும் சுமந்துகொண்டு, முழங்கால் வலியோடு மாடியேறி வந்தாள், சின்ன வயதில் எல்லோரும் என் தாடையைப் பிடித்துச் சொல்வார்கள், அத்தை மூஞ்சிய அப்படியே உரிச்சு வச்சிருக்கு என்று, இப்போது அத்தைக்கு முகம் பெருத்து முடி நரைத்துவிட்டது, அம்மாவுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை, வாங்க, பில்லு கட்டவா, இப்ப சாப்பாட்டு நேரம், ரெண்டு மணிக்கு மேல வாங்க, என்றாள், மதினி நாந்தான் செம்பகம் என்று அத்தை அழுதாள், அழாதீங்க, அபராதம் எல்லாம் போட மாட்டோம் என்று அம்மா அவளுடைய கையைத் தட்டிக்கொடுத்தாள், நானும் அத்தையும் சிரித்துவிட்டோம், அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே கையைப் பார்த்தாள், சிரிப்பு நின்றது.

அடுப்படிக்கு என்னை இழுத்துப்போய், என்னட்டி இது கூத்து என்றாள், அம்மா கேட்டாத்தே, கேட்டா போட்டு விட்டிருவியா, எங்கண்ணன் போயி எத்தன வருசம் ஆவுது, நாளைக்கு நாலு பேரு வந்து பாத்தா என்ன பேசுவாக, அவளுக்குத்தான் புத்தி இல்ல, ஒனக்குமா இல்ல, அவ மானத்த நாமதான காப்பாத்தணும், என்று அடிக்குரலில் சொன்னாள், அப்போது கூடத்தில் அம்மா தனக்குத்தானே வளையலைக் குலுக்கிக்கொண்டிருந்தாள், அந்தச் சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது, அவளுக்கு இதில் எவ்வளவு சந்தோஷம் பாருங்கத்தே என்று நான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, சரித்தே என்றேன், அத்தைக்கு முன்னால் நான் ஏதோ அசிங்கமான காரியத்தில் பிடிபட்டதுபோல நின்றேன், ஆனாலும் வளையலை ஒரேயடியாகக் கழற்றிவிடவும் மனம் வரவில்லை, கழற்றினால் அவள் மறுபடி அரிசிப் பானைக்குள் கையைவிட்டுத் தேடுவாள், அதனால் யாராவது வரும்போது கழற்றுவது, போன பிறகு போட்டுவிடுவது என்று ஒரு வழி கண்டுபிடித்தேன், பிறகு ஒருநாள் அவள் என்னைத் தள்ளியபோது ஒரு வளையல் உடைந்து என் புருவத்தில் கிழித்தது, அதிலிருந்து குளிப்பாட்டுவதற்கு முன்னாலும் கழற்றத் தொடங்கினேன், அவளுடைய கையிலும் குத்திவிடக்கூடாது இல்லையா, எப்படியோ ஒரு நல்ல காரணம் எனக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது, முதலில் தலையிலிருக்கும் பூவை எடுப்பேன், பிறகு ஸ்டூலில் உட்காரவைத்து, மணிக்கட்டில் சோப்பைக் குழைத்துத் தடவி, விரல்களைக் குவித்து, வளையல்களை ஒவ்வொன்றாக வழுக்கி இறக்குவேன், அதுவரைக்கும் அவள் அசையாமல் இருப்பாள், கல்போல இருப்பாள், செம்பில் தண்ணீரை மொண்டு தலைக்கு மேலே தூக்கும்போதுதான் அது நடக்கும், ஒவ்வொரு முறையும், ஒத்தையாவா வந்திருக்க, மத்தவளுகள எங்க.

டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார், வாயில் வைத்த மாத்திரையை நாக்குக்குக் கீழே ஒளித்து வைத்திருந்து ஜன்னல் கம்பிக்கு வெளியே துப்பினாள், சுடுதண்ணீர் வைத்துப் பார்த்தேன், பச்சைத்தண்ணீர் வைத்துப் பார்த்தேன், பாட்டுப் பாடினேன், கெஞ்சினேன், ஒருநாள் துப்பட்டாவால் அவளுடைய இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டினேன், ரொம்ப இறுக்கமாக இல்லை, ரொம்ப இறுக்கமாக இல்லை என்று எனக்கு நானே எத்தனை முறை சொல்லிக்கொண்டேன், கட்டியபிறகு அவள் அடிக்கவில்லை, கத்தவும் இல்லை, தலையைக் குனிந்துகொண்டாள், தண்ணீர் அவளுடைய பிடரியில் விழுந்து முதுகில் வழிந்தது, எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது என்ற நிம்மதி எனக்குள் வந்தது, அந்த நிம்மதியைத்தான் சொல்கிறேன், கட்டியதைவிட அதுதான், அன்றிலிருந்து அந்தத் துப்பட்டாவை நான் போடவில்லை, தூக்கி எறியவும் இல்லை, துணிக்கொடியில் மற்ற துணிகளோடு அதுவும் தொங்குகிறது, காற்றடித்தால் மற்றவை ஆடுவதைப்போலவே ஆடுகிறது.

திருநெல்வேலி சாலையில் மறதி வந்த முதியவர்களுக்கு ஒரு காப்பகம் இருப்பதாகக் கேள்விப்பட்டு போன் செய்தேன், எடுத்தவர் பொறுமையாகப் பேசினார், நடப்பாங்களா, நடப்பாங்க, ராத்திரி தூங்குவாங்களா, தூங்குவாங்க, யாரையும் அடிப்பாங்களா, இல்ல சார், ரொம்ப சாது என்றேன், அது பொய்யா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, என்னைத் தவிர எல்லோருக்கும் அவள் சாதுதானே, அவர் தொடர்ந்து சொன்னார், புதன்கிழம காலைல பத்து மணிக்கு வண்டி வரும், குளிப்பாட்டி ரெடியா வைங்க, நைட்டி நாலு குடுத்துவிடுங்க, நகை, வளையல் எதுவும் போட்டு அனுப்பாதீங்க, அவங்களுக்குள்ள பறிச்சிக்கிடுவாங்க, அப்புறம் தலைமுடிய நாங்க கட்டையா வெட்டிருவோம், பேன் வரும்லா, ஒண்ணும் நினைச்சுக்காதீங்க, ஒண்ணும் நினைக்கல சார் என்றேன், போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அம்மா வாசல்படியில் நின்றிருந்தாள், யாரு போன்ல, அவரா, எப்ப வாராராம், என்றாள், புதன்கிழம என்று சொல்லிவிட்டேன், வாயில் வந்துவிட்டது, அம்மாவின் முகம் மலர்ந்தது, அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் இன்னைக்குப் புதனா என்று கேட்டாள், எல்லாவற்றையும் மறப்பவள் அதை மட்டும் மறக்கவில்லை.

இன்றைக்குப் புதன், எழுந்ததும் கேட்டாள், ஆமா என்றேன், அப்ப நல்ல சேல எடுத்து வை என்றாள், தலைக்குப் பூ வேண்டும் என்றாள், நேற்று வாங்கிய பிச்சிப்பூ மிச்சம் இருந்தது, வைத்துவிட்டேன், குளிக்கவேண்டும் என்றதும் அதை எடுத்தேன், வைத்த கையே எடுத்தது, நைட்டிகளை மடித்துப் பையில் வைத்துவிட்டு அவளை ஸ்டூலில் உட்காரவைத்தேன், சோப்பைக் குழைத்தேன், பச்சை வளையல், சிவப்பு வளையல், பச்சை வளையல், ஒவ்வொன்றாக வாளியின் விளிம்பில் அடுக்கி வைத்தேன், இனி போட்டுவிட வேண்டியதில்லை என்று நினைத்தேன், கடைசி முறை என்று நினைத்தேன், செம்பைத் தூக்கினேன், தண்ணீர் சரிந்தது, அது காற்றில் நின்றது, இதோ இன்னும் நிற்கிறது, செம்பு பறந்து, என் காது அதிர்ந்து, கழுத்தில் நகம் பதிந்து, நான் குழாயைத் திறந்துவிட்டு அவளுடைய இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துக்கொண்டேன், முழங்காலால் அவளுடைய மடியை அழுத்தினேன், அம்மா சும்மா இரு, இன்னைக்கு ஒருநாள் மட்டும் சும்மா இரு, என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன், அவளுடைய முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது, நனைந்த நரைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது, அவள் கத்துவதை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள், ரகசியம்போல, கெஞ்சுவதுபோல, அன்னைக்கு நாலு பேரு பிடிச்சீங்களே, இன்னைக்கு ஒத்தையா வந்திருக்கியே செம்பகம், ஒங்கண்ணன் உசிரோடதான்டி இருக்காரு, இன்னைக்கு வாராருடி, கழட்டாதடி.

குழாயில் தண்ணீர் வாளியை நிறைத்துத் தரையில் வழிந்துகொண்டிருக்கிறது, வாளி விளிம்பில் இருந்த வளையல்கள் ஒவ்வொன்றாக நழுவி ஈரத்தரையில் விழுகின்றன, உடையவில்லை, மணிக்கட்டுகளைப் பிடித்திருக்கும் என் கையில் சோப்பு நுரை, அந்த நுரையைப் பார்க்கிறேன், வளையல் கழற்றச் சோப்புப் போட வேண்டும் என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது, நான் வளையல் போடுகிறவள் அல்ல, அப்பா போனபிறகு எங்கள் வீட்டில் யாரும் போட்டதில்லை, நான் அதை எங்கே பார்த்தேன், நான் பத்து வயதாக மொட்டைமாடியில் நிற்கிறேன், சங்கரன்கோவிலில் தாத்தா வீட்டுக்கு அடுத்த வீட்டு மொட்டைமாடி, பிள்ளைகள் யாரும் அங்கன நிக்கப்படாது என்று என்னைத் துரத்தி அங்கே அனுப்பியிருக்கிறார்கள், அப்பா போய்ப் பதினாறாம் நாள், விடிந்தும் விடியாத வெளிச்சம், தாத்தா வீட்டுப் பின்கட்டில் கிணற்றடியில் அம்மா மணையில் உட்கார்ந்திருக்கிறாள், புதுச்சேலை கட்டியிருக்கிறாள், தலை நிறையப் பூ, கை நிறைய வளையல், அதற்கு முன்னால் நான் அவளை அவ்வளவு அழகாகப் பார்த்ததே இல்லை, சுற்றிலும் பெண்கள் சேலைகளை மறைப்பாகப் பிடித்து நிற்கிறார்கள், நான்கு பக்கமும் மறைத்திருக்கிறார்கள், மேலே இருந்து ஒருத்தி பார்ப்பாள் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, யாரோ ஒரு கிழவி கருங்கல்லை எடுத்துக்கொண்டு வருகிறாள், அப்போது அத்தை, இன்று நான் இருக்கும் வயதில், இன்று நான் வைத்திருக்கும் முகத்தோடு, ஒடைக்க வேண்டாம் பெரியம்ம, மதினி கைல குத்திரும், நான் கழட்டிருதேன், என்கிறாள், அம்மாவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து மணிக்கட்டில் சோப்பைக் குழைத்துத் தடவுகிறாள், எவ்வளவு மெதுவாக, எவ்வளவு பிரியமாக, அழுதுகொண்டே ஒவ்வொன்றாக வழுக்கி இறக்குகிறாள், அம்மா கல்போல இருக்கிறாள், பூவை ஒருத்தி எடுக்கிறாள், கழுத்திலிருந்து ஒருத்தி எதையோ எடுக்கிறாள், தலைக்கு மேலே குடம் உயர்கிறது, தண்ணீர் சரிகிறது, அது அவளுடைய தலையைத் தொடுவதற்கு முன்னால் அம்மாவின் வலது கை எழுகிறது, எழுந்து அத்தையின் முகத்தை நோக்கி வருகிறது, பாதியில் நாலு பேர் சேர்ந்து அதைப் பிடித்துக்கொள்கிறார்கள், மேலே நின்ற எனக்கு அது கை என்றோ அடி என்றோ தெரியவில்லை, எவ்வளவு பேர் சேர்ந்து எங்கம்மாவைக் குளிப்பாட்டுகிறார்கள் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது, என்னையும் யாராவது அப்படிக் குளிப்பாட்டமாட்டார்களா என்று இருந்தது.

பாதியில் பிடிக்கப்பட்ட அந்த அடி இப்போதுதான் வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது, அத்தையிடம் போகவேண்டியது அத்தையின் முகத்தைத் தேடி வந்திருக்கிறது, நான் அதைத் தடுக்கத் துப்பட்டா எடுத்தவள், நான்கு பேர் செய்ததை ஒருத்தியாகச் செய்தவள், அதுவும் ஒருமுறை அல்ல, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளிலெல்லாம் அவளுடைய கணவனை நான் அவளுக்குச் சாகடித்துக் காட்டினேன், கீழ்வீட்டுக்காரி என்ன நினைப்பாள் என்று குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, நான் அவளுடைய கையை விட்டேன், குழாயை மூடினேன், திடீரென்று வந்த அமைதியில் இரண்டு பேரும் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது, ஈரத்தரையிலேயே உட்கார்ந்தேன், தரையில் துழாவி வளையல்களைப் பொறுக்கினேன், மன்னிப்பு என்ற சொல்லை நான் எத்தனை நாவல்களில் பிழை திருத்தியிருக்கிறேன், அவளுடைய கையை எடுத்து, நுரை இன்னும் இருந்ததால் சிரமமில்லாமல், பச்சை, சிவப்பு, பச்சை என்று ஏற்றிவிட்டேன், அவள் அடிக்கவில்லை, கையைக் காதருகே கொண்டுபோய்க் குலுக்கிப் பார்த்தாள், பிறகு குனிந்து என்னைப் பார்த்தாள், தொப்பலாக நனைந்து, தலைமுடி கலைந்து, கழுத்தில் கீறலோடு, வெறுங்கையோடு அவளுடைய காலடியில் உட்கார்ந்து அழும் ஒருத்தியை, அந்தக் கண்ணில் இப்போது அத்தை இல்லை, நானும் இல்லை.

யாரு பெத்த பிள்ளையோ, என்றாள், என் வலது கையை எடுத்துத் திருப்பினாள், மணிக்கட்டைத் தடவினாள், ஒனக்கும் போயிட்டாரா, என்று கேட்டாள், நான் தலையை ஆட்டினேன், இத்தன சின்ன வயசுலயா என்றாள், வந்திருவாளுகளே இப்ப, என்று வாசல் பக்கம் காதைக் கொடுத்தாள், அதே நேரத்தில் கீழே தெருவில் வண்டியின் ஹாரன் சத்தம், ஒருமுறை, சற்றுப் பொறுத்து இன்னொருமுறை, படிக்கட்டில் செருப்புச் சத்தம் ஏறி வருகிறது, அம்மா எழுந்தாள், சேலையைச் சுற்றிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நடந்து குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள், அதன் மேல் முதுகைச் சாய்த்து நின்றாள், பயப்படாத, ஒருத்தியவும் உள்ள விடமாட்டேன், வந்தா கைய ஒடிச்சிருவேன், என்றாள், அவள் ஒடிப்பாள் என்பது எனக்குத் தெரியும், வெளியே புஷ்பக்காவின் குரல், ஏட்டி பாப்பா, ஏதோ வண்டி வந்து நிக்கி, ஒங்க வீடுதானான்னு கேக்கான், என்ன வண்டி, யாரக் கூட்டிட்டுப் போவ வந்திருக்கான், போகச் சொல்லுங்கக்கா என்று மெல்லச் சொன்னேன், எங்க, என்னது, கேக்கல, போகச் சொல்லுங்க, இன்னைக்கு வேண்டாம்னு சொல்லுங்க, இன்றைக்கு என்று நான் சொன்னது என் காதிலும் விழுந்தது, என்றைக்கும் என்று சொல்ல எனக்கு வரவில்லை, புஷ்பக்கா போகவில்லை, டிவி ஓடலையே பாப்பா என்றாள், இல்லக்கா, டிவி இல்ல, என்னைக்குமே டிவி இல்லக்கா, அம்மாதான், என்றேன், நான் போயிச் சொல்லிட்டு வாரேன், கதவத் தொறக்கும்போது தொற, என்று அவள் சொன்னதும் செருப்புச் சத்தம் இறங்கிப் போனதும் கேட்டது, வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது, அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள், போயிட்டாளுக, என்றாள் வெற்றியோடு.

அவள் ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினாள், இதுல ஒக்காரு, தரையில ஒக்காந்தா சளி பிடிக்கும், என்றாள், நான் உட்கார்ந்தேன், கதவோரம் கிடந்த நசுங்கிய செம்பைக் குனிந்து எடுத்தாள், அதன் நசுங்கலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள், யார் செய்த வேலை இது என்பதுபோல என்னைப் பார்த்தாள், வாளிக்குள் விட்டு மொண்டாள், முதலில் காலுல ஊத்துதேன், குளுந்திருக்கும் என்று என் பாதத்தில் கொஞ்சம் ஊற்றினாள், பிறகு முழங்காலில், பிறகு தோளில், இப்படித்தான் ஒருவரைக் குளிப்பாட்ட வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை, கண்ண மூடிக்க என்றாள், நான் மூடவில்லை, அண்ணாந்து அவளைப் பார்த்தேன், என்னை அவளுக்குத் தெரியவில்லை, யாரென்று தெரியாத ஒருத்திக்காகத்தான் அவள் அந்தக் கையை உயர்த்துகிறாள், வளையல்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கம் சரிகின்றன, சின்ன ஜன்னலிலிருந்து வரும் வெயில் அவற்றில் பட்டுச் சுவரெல்லாம் பச்சையும் சிவப்புமாக நடுங்குகிறது, நான் அதற்குத் தகுதியில்லாதவள் என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், செம்பிலிருந்து சரிந்த தண்ணீர் இன்னும் என் தலையைத் தொடவில்லை.